பிள்ளையைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோர்களே, நீங்களும் உள்ளே வாருங்கள்

செந்தூல்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். கராத்தே பிள்ளைகளுக்கு நல்லதா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள், நல்லது என்று பத்துப் பேர் பதில் போடுகிறார்கள், அதோடு இழை முடிந்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது வேறு. பிள்ளைக்கு நல்லது என்றால் நமக்கும் நல்லதுதானே, பிறகு ஏன் வகுப்பு நடக்கும் ஒன்றரை மணி நேரமும் டேவான் (மண்டபம்) வாசலில் காரில் ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருக்கிறோம்?

எங்கள் வகுப்பு கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு தாமான் (குடியிருப்பு) டேவானில் நடக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் பாதி, மலாய், சீனப் பிள்ளைகள் மீதி. மாஸ்டர் விளக்குவது மலாயில், எண்ணுவது ஜப்பானிய மொழியில். என் மகன் ஆண்டு 4, மகள் படிவம் 1 (இடைநிலைப்பள்ளி முதல் ஆண்டு). அவர்களுக்குப் பிறகுதான் நான் சேர்ந்தேன், அதனால் மகன் பச்சை பெல்ட், நான் மஞ்சள். டேவானுக்குள் அவன் எனக்கு மூத்த மாணவன், வரிசையில் எனக்கு முன்னால் நிற்பான்.

ஸென்குட்சு டாச்சி என்று ஒரு நிலை இருக்கிறது. முன்கால் முட்டி மடங்கி, பின்கால் நீண்டு நேராக நிற்க வேண்டும், பின்குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. பெரியவர்களுக்குக் கணுக்கால் இறுகிப்போயிருப்பதால் குதிகால் தானாக எழும்பிவிடும். என் மகன் பக்கத்தில் வந்து குனிந்து என் குதிகாலுக்குக் கீழே விரலை விட்டுப் பார்ப்பான். விரல் நுழைந்தால், "அம்மா, கால் ரொம்ப நீளமாகப் போயிருக்கிறது, கொஞ்சம் உள்ளே வைத்து அழுத்துங்கள்" என்பான். மாஸ்டர் அவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாரோ அதே பொறுமை. வீட்டில் கணக்குப் பாடத்துக்கு உட்காரும்போதும் இப்போது எங்கள் இருவருக்கும் இடையில் அதே பேச்சுதான். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது, அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்பது அவனுக்கு உடம்பிலேயே பதிந்துவிட்டது.

குடும்பமாகச் சேர்ந்து கற்பவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். சேரத் தயங்குபவர்களும் என்ன தயக்கம் என்று சொல்லுங்கள்.

கெப்போங்_வாசி

அக்கா, நீங்கள் சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காசுக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பிள்ளை என்றால் மாதக் கட்டணம், உடுப்பு, கிரேடிங் (பெல்ட் தேர்வு) கட்டணம், உறுப்பினர் கட்டணம், போட்டி வந்தால் அதற்கு ஒரு கட்டணம், கையுறை, வாய்க்கவசம், கால்கவசம். இதில் அப்பா அம்மாவும் சேர்ந்தால் யார் கட்டுவது?

காசு போகட்டும். என் மூத்தவன் முன்பு போன ஒரு கிளப்பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரேடிங் வைத்தார்கள். ஒரு பிள்ளைகூடத் தேறாமல் போனதில்லை. கத்தாவில், அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பில், பாதியில் மறந்து, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிய பையனுக்கும் அதே மாதம் புது நிறம் கட்டினார்கள். பணம் கட்டினால் நிறம் மாறும் என்றால் பிள்ளை அதில் என்ன கட்டொழுங்கைக் கற்றுக்கொள்வான்? நான் நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று, நமக்கென்று சிலம்பம் இருக்கிறது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் தமிழ்ப்பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை விட்டுவிட்டு ஜப்பான்காரன் கலைக்கு ஏன் ஓட வேண்டும் என்பது என் கேள்வி. கோபித்துக்கொள்ள வேண்டாம், நிஜமாகவே கேட்கிறேன்.

பிறை_மாஸ்டர்

நான் பினாங்கில், பிறை பக்கம் வகுப்பு நடத்துகிறேன், முழுநேர வேலை வேறு. கெப்போங் சகோதரர் கேட்டதில் நியாயம் இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் கிரேடிங். நிறப் பெல்ட் கராத்தேயில் பிறந்தது இல்லை. ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோவின் படிமுறையைப் பார்த்து ஃபுனாகோஷி கிச்சின் 1924இல் தன் மாணவர்கள் சிலருக்குக் கறுப்புப் பட்டை தந்தார். நிறங்கள் எல்லாம் சொல்லிக்கொடுக்கும் வசதிக்காக வந்தவை, யார் எதுவரை கற்றிருக்கிறார் என்று பார்த்ததும் தெரியும். அந்த வசதியை வியாபாரமாக்கும் இடங்கள் இருக்கின்றன, மறுக்க மாட்டேன். ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் மாஸ்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "போன கிரேடிங்கில் எத்தனை பேர் தேறவில்லை, அவர்களுக்குப் பிறகு என்ன செய்தீர்கள்?" அந்தப் பதிலிலேயே எல்லாம் தெரிந்துவிடும். என் வகுப்பில் தயாராகாத பிள்ளையைப் பெயரே கொடுக்க விடமாட்டேன், கட்டணமும் வாங்க மாட்டேன். அந்தப் பிள்ளையின் அப்பா எனக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பார். பிள்ளை சண்டை பிடிப்பதில்லை, அடுத்த வாரம் வந்து அதே கத்தாவைச் செய்வான்.

இரண்டாவது, கராத்தே பெரியவர்களுக்கான சண்டைக் கலை, அதைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி. ஒகினாவாவில் இதோசு அங்கோ என்ற ஆசான் 1901 வாக்கில் கராத்தேயைத் தொடக்கப்பள்ளிக்குள் கொண்டுபோனார். பழைய கத்தாக்கள் பிள்ளைகளுக்குக் கடினம் என்பதால் பினான் என்று ஐந்து கத்தாக்களை உருவாக்கினார். இன்று ஷோட்டோகான் பாணி வகுப்பில் உங்கள் பிள்ளை செய்யும் ஹேயான் ஐந்தும் அதிலிருந்து வந்தவைதான். 1922இல் கராத்தேயைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோய்க் காட்டிய ஃபுனாகோஷியே ஒரு பள்ளி ஆசிரியர். ஆக, வரிசையில் நின்று எண்ணிக்கைக்கு ஒன்றுசேரக் குத்துவது, ஒரே கத்தாவை வகுப்பு முழுக்கச் சேர்ந்து செய்வது, இதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கென்றே அமைத்த முறை. பிள்ளைகளுக்கு அது பொருந்துவதில் ஆச்சரியம் இல்லை.

சிலம்பத்தைப் பற்றி எனக்கு மரியாதைதான். என் மாணவர்களில் இரண்டுமே கற்பவர்கள் இருக்கிறார்கள், கால் நகர்வு நன்றாக வரும். எது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, எங்கே நல்ல ஆசான் இருக்கிறாரோ அங்கே அனுப்புங்கள்.

ஆசிரியை_கிள்ளான்சாலை

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கராத்தே தெரியாது, ஆனால் என் வகுப்பில் யார் கராத்தேக்குப் போகிறார்கள் என்று ஓரளவு தெரியும். நிற்கச் சொன்னால் நிற்கும் பிள்ளைகள் அவர்கள். இது பெரிய விஷயம், சிரிக்காதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கையையும் காலையும் அசைக்காமல் அரை நிமிடம் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களைக் கேளுங்கள்.

இதைப் பற்றி ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் லேக்ஸ், ஹோய்ட் என்ற இருவர் ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பகுதிக்கு வழக்கமான உடற்கல்வியும் மறுபகுதிக்குத் தற்காப்புக் கலையும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து 2004இல் வெளியிட்டார்கள். தற்காப்புக் கலைப் பக்கம் போன பிள்ளைகளுக்குச் சுயகட்டுப்பாடும் வகுப்பில் நடந்துகொள்ளும் விதமும் கூடுதலாக மேம்பட்டன. அது டேக்வாண்டோ, கராத்தே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ட்ரல்சன் என்பவர் 1986இல் எழுதியது. தவறான பாதையில் போன பதின்ம வயதுப் பையன்களை மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு மரியாதை, தியானம், கலையின் நெறி எல்லாம் சேர்த்துப் பாரம்பரிய முறையில் டேக்வாண்டோ. இன்னொரு பிரிவுக்குச் சண்டை நுட்பம் மட்டும். மூன்றாவதற்கு வேறு உடற்பயிற்சி. ஆறு மாதத்தில் முதல் பிரிவில் முரட்டுத்தனம் குறைந்தது, சண்டை மட்டும் கற்ற பிரிவில் அது கூடியது. அதே உதை, அதே குத்து. சொல்லிக்கொடுத்த விதம்தான் வேறு. அதனால் "கராத்தே நல்லதா" என்று பொதுவாகக் கேட்பதைவிட, நீங்கள் அனுப்பப்போகும் அந்த டேவானில், அந்த மாஸ்டர், பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார் என்று உட்கார்ந்து பாருங்கள். வாசலில் காரில் இருந்தால் அது தெரியாது.

கெப்போங்_வாசி

சண்டை கற்றால் பிள்ளைக்கு முரட்டுத்தனம் கூடுமோ என்று நான் பயந்ததைத்தான் ஆசிரியை சொன்ன இரண்டாவது ஆய்வு சொல்கிறது. அப்புறம் பகடிவதை விஷயம். பள்ளியில் யாராவது கைவைத்தால் திருப்பி அடிக்கத் தெரிய வேண்டும் என்றுதான் பாதிப் பெற்றோர் சேர்க்கிறார்கள். மாஸ்டர், நேராகச் சொல்லுங்கள், ஒன்பது வயதுப் பிள்ளை கராத்தே கற்றால் தன்னைக் காப்பாற்றிக்கொள்வானா?

பிறை_மாஸ்டர்

நேராகவே சொல்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு பெரிய ஆளை அடித்து வீழ்த்த முடியாது. முடியும் என்று சொல்லும் மாஸ்டரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், அந்தப் பொய் நம்பிக்கை ஆபத்து.

ஆனால் மூன்று விஷயம் நிச்சயம் வருகிறது. குரல் வருகிறது, ஏனென்றால் கியாய் என்று அடிவயிற்றிலிருந்து கத்தப் பழகுகிறான். கூச்சப்படும் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, முதல் சில மாதம் அந்தச் சத்தம் வரவே வராது, வந்த நாளில் முகமே வேறாகிவிடும். தூரம் தெரிகிறது, யாராவது கைக்கெட்டும் தூரத்துக்குள் வந்தால் உடம்பு தானாகப் பின்வாங்கும். நிமிர்ந்து நிற்கத் தெரிகிறது. பகடிவதை செய்பவன் தோள் குறுகித் தலைகுனிந்து நடக்கும் பிள்ளையைத்தான் தேடுகிறான்.

முரட்டுத்தனம் கூடுமா என்று கேட்டீர்கள். எங்கள் வகுப்பில் ஜோடிப் பயிற்சி செய்யும்போது, அடிக்கப்போகிறவன் எங்கே அடிக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே உரக்கச் சொல்ல வேண்டும். ஜோதான் என்றால் முகம், சூதான் என்றால் வயிறு. சொல்லிவிட்டு முழு வேகத்தில் வந்து, தோலுக்கு முன்னால் முஷ்டியை நிறுத்த வேண்டும். எதிரே நிற்பவன் தடுக்கத் தவறினாலும் அடி விழக் கூடாது. இதைத்தான் பிள்ளை வாரா வாரம் செய்கிறான்: முழுப் பலத்தோடு போய் நிறுத்துவது. அண்ணன் தம்பி ஜோடி சேர்ந்தால் ஆரம்பத்தில் வேண்டுமென்றே இடிப்பார்கள், இடித்தவனை உட்கார வைத்துவிடுவேன், இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். கராத்தேயில் முதல் அடி கிடையாது என்று ஃபுனாகோஷி சொன்னதைச் சுவரில் எழுதி ஒட்டினால் போதாது, இப்படிச் செய்ய வைத்தால்தான் ஏறும்.

குளுகோர்_அக்கா

என் மகனுக்கு ஆட்டிசம். இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பந்து விளையாட்டு எதிலும் அவனைச் சேர்க்க முடியவில்லை. பந்து எங்கிருந்து வரும், யார் தொடுவார்கள் என்று தெரியாதது அவனுக்குத் தாங்காது. கத்தாவில் அந்தக் கஷ்டம் இல்லை. எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே கத்துவது எல்லாம் முன்கூட்டியே தெரியும், யாரும் தொட மாட்டார்கள். ஹேயான் ஷோதான் 21 அசைவு. முதல் அசைவு இடப்பக்கம் திரும்பிக் கீழ்த் தடுப்பு. அவன் அதைச் செய்வதற்கு முன்னால் கண்ணை மட்டும் இடப்பக்கம் திருப்பிப் பார்ப்பான், பிறகு தலை, பிறகு உடம்பு. பேச்சில் கண்ணைப் பார்க்காத பிள்ளை, கத்தாவில் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்க்கிறான். நான் சுவரோரம் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது என்ன இருக்கும் என்று தாய்மாருக்குத் தெரியும்.

ஈரானில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு 14 வாரம் கத்தா பயிற்சி கொடுத்து, திரும்பத் திரும்ப ஒரே அசைவைச் செய்யும் பழக்கம் குறைந்ததாக 2012இல் ஓர் ஆய்வு வந்தது. சின்ன ஆய்வு, முப்பது பிள்ளைகள்தான். மருந்து மாதிரி நினைத்துக்கொண்டு யாரும் ஓட வேண்டாம், சிகிச்சை வேறு, இது வேறு. ஆனால் என் பையனுக்கு ஒரு இடம் கிடைத்தது, அங்கே அவனும் வரிசையில் ஒருவன்.

மாஸ்டரிடம் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கியாய் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்வான் என்று சொன்னதால் அவனைக் கதவோரக் கடைசி வரிசையில் நிற்க வைத்தார், நானும் பக்கத்தில் நின்றேன். இப்போது நடுவரிசைக்கு வந்துவிட்டான்.

எலும்பும்_தசையும்

நான் பிசியோதெரபிஸ்ட். எல்லாரும் மனசைப் பற்றியே பேசுகிறீர்கள், உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு அசைவு தேவை, வாரத்தில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் வேலை தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பள்ளி, டியூஷன், சமய வகுப்பு, வீட்டுப்பாடம் என்று ஓடும் கோலாலம்பூர்ப் பிள்ளைக்கு இது எங்கே கிடைக்கிறது? வாரம் இரண்டு கராத்தே வகுப்பு மட்டும் போதாது, ஆனால் அது வீட்டுக்கும் வருகிறது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பான், கூடத்தில் மாயே கேரி (முன் உதை) உதைப்பான். கராத்தேயில் இடக்கையும் வலக்கையும் சமமாக வேலை செய்வது எனக்குப் பிடித்த விஷயம். ஒரு கை குத்தும்போது மறுகை இடுப்புக்கு இழுபட வேண்டும், அந்த இழுப்பில்தான் முதுகுத் தசை வேலை செய்கிறது. நாள் முழுக்கக் கூன் போட்டு உட்காரும் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. பிள்ளைகளின் எலும்பு முனைகளில் எலும்பு வளரும் இடங்களான வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடவில்லை. முஷ்டியைச் சிமெண்டுத் தரையில் ஊன்றித் தண்டால் எடுக்க வைப்பது, பலகை, ஓடு உடைக்க வைப்பது, காலை விரித்து உட்கார வைத்து மேலே ஏறி அழுத்துவது, இதெல்லாம் பார்த்தால் அன்றே பேசுங்கள். தலையில் அடிபட்டால், பிள்ளை "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அன்றைக்கு வகுப்பு முடிந்தது. வாந்தி, மயக்கம், குழப்பம் எது வந்தாலும் நேரே மருத்துவமனை.

பத்துகேவ்ஸ்_அப்பா

வயது 46, இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது, மாத்திரை எடுக்கிறேன், வலது முட்டி வலி. மகள் ஒரு வருடமாகப் போகிறாள், "அப்பா நீங்களும் வாங்க" என்கிறாள். செந்தூல் அக்கா எழுதியதைப் படித்து ஆசை வருகிறது. முடியுமா, இந்த வயதில்?

எலும்பும்_தசையும்

முடியும் அண்ணா, உங்களை மாதிரி ஆள்தான் வர வேண்டும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பிள்ளையை உடற்பயிற்சிக்கு அனுப்பும் அப்பாக்களுக்கே உடற்பயிற்சி இல்லை.

ஆனால் உங்களுக்குச் சில விஷயம் கண்டிப்பாகத் தேவை. முதலில் மருத்துவரைக் கேளுங்கள், நெஞ்சு, ரத்த அழுத்தம், பாதம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கராத்தே வெறுங்காலில் செய்வது. இனிப்பு நீர் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்தாலும் தெரியாது. அப்படியிருந்தால் மாஸ்டரிடம் சொல்லி மெல்லிய அடியுள்ள காலணி போட அனுமதி கேளுங்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் பாதத்தைத் திருப்பி விரல் இடுக்கு வரை பாருங்கள், மகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வகுப்புக்குப் போகக் கூடாது, பையில் இனிப்பு மிட்டாய் இருக்கட்டும். முட்டிக்கு, நிலையை உயரமாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது வயதுக்காரர் மாதிரித் தாழ்ந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை. முட்டி எப்போதும் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும், உள்ளே சாயக் கூடாது. செய்ஸா என்று முட்டி போட்டு உட்காருவது வலித்தால் சம்மணம் போடலாம், எந்த நல்ல மாஸ்டரும் மறுக்க மாட்டார்.

படிவம்5_மாணவி

நானும் எழுதலாமா? வயது 17, எட்டு வயதிலிருந்து கராத்தே. பெரியவர்கள் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பெண் பிள்ளைகள் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நின்றுவிடுகிறார்கள். என்னோடு சேர்ந்த தோழிகளில் நான் மட்டும்தான் இருக்கிறேன். காரணம் சோம்பல் இல்லை. வெள்ளை உடுப்பு. மாதவிலக்கு நாளில் வெள்ளைக் கால்சட்டையோடு ஆண்கள் முன்னால் உதைக்கப் பயம், அதை மாஸ்டரிடம் சொல்ல வெட்கம், ஒரு வாரம் வராமல் இருந்து, அப்புறம் இரண்டு வாரம், அப்புறம் வருவதே இல்லை.

எங்கள் வகுப்பில் ஓர் அக்கா சேர்ந்த பிறகுதான் இது மாறியது. உள்ளே கறுப்பு டைட்ஸ் போடலாம், மேலே உள்ளே டி-சட்டை போடலாம், முடியாத நாளில் ஓரமாக நின்று கத்தாவை மெதுவாகச் செய்யலாம் என்று அவர் மாஸ்டரிடம் பேசி எல்லாருக்கும் பொதுவாக அறிவிக்க வைத்தார். ஒரு அம்மா வகுப்பில் இருந்தால் இவ்வளவு வித்தியாசம். செந்தூல் ஆண்ட்டி சொல்வது சரி என்று நினைக்கிறேன்.

சீ விளையாட்டில் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) மலேசியாவுக்குக் கராத்தேயில் பதக்கம் வாங்கிக் கொடுத்த பூவனேஸ்வரன், ஷாமளாராணி எல்லாம் நம் ஆட்கள். ஷாமளாராணியின் சண்டையைப் பார்த்துதான் நான் குமித்தேக்கு (நேருக்கு நேர் மோதும் போட்டி) வந்தேன். ஒரு விஷயம் மட்டும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டும், ஒலிம்பிக் கனவு காட்டி யாராவது பணம் கேட்டால் யோசியுங்கள். கராத்தே ஒலிம்பிக்கில் இருந்தது தோக்கியோவில் மட்டும்தான். 2024 பாரிசில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலசிலும் இல்லை. சுக்மா (மலேசிய மாநிலங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி), சீ விளையாட்டு, ஆசிய விளையாட்டு என்று பாதை வேறு இருக்கிறது.

செந்தூல்_அம்மா

தங்கச்சி, நீ எழுதியது மிக முக்கியம். என் மகளும் அந்த வயதில்தான் நிற்கிறாள், நான் பக்கத்து வரிசையில் இருப்பதால் கேட்காமலே இது எங்களுக்குள் தீர்ந்துவிட்டது.

இதோடு சேர்த்து, பேசத் தயங்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைத் தொட்டு நிலையைத் திருத்தும் கலை இது. அதனால் கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோர் பார்க்க உட்காரலாம் என்ற விதி இருக்க வேண்டும், பிள்ளைக்கு மாஸ்டர் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது, குழுவில்தான் பேச வேண்டும். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று சொல்லும் இடத்துக்கு என் பிள்ளையை அனுப்பவே மாட்டேன். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு 2017இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது, நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் செய்தால் தண்டனை கூடும். ஏதாவது சந்தேகம் என்றால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999க்கு அழையுங்கள். நல்ல மாஸ்டர்கள் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்கள், அவர்களுக்கும் இது பாதுகாப்புத்தான்.

பிறை_மாஸ்டர்

நூற்றுக்கு நூறு உண்மை. என் வகுப்பில் பெற்றோர் இருவராவது உள்ளே இல்லாமல் நான் தொடங்குவதில்லை. சங்கம் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்றதா, மாநிலச் சங்கத்தோடு இணைந்ததா என்றும் கேளுங்கள், 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு இருக்க வேண்டும்.

கெப்போங் சகோதரர் காசைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 2024 கணக்காண்டிலிருந்து விளையாட்டுக்கான வருமான வரி விலக்கு 1,000 வெள்ளி வரை கேட்கலாம், அதில் பயிற்சிக் கட்டணமும் சேர்கிறது. உங்களுக்கும் துணைக்கும் பிள்ளைக்கும் செலவழித்தது எல்லாம் அந்த 1,000க்குள் வரும். கட்டணம் வாங்கும் கிளப் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும், பெயரோடு ரசீது வேண்டும். ரசீது தர முடியாது என்று சொல்பவரிடம் பிள்ளையைச் சேர்க்காதீர்கள், அதற்கு வரிக் காரணம் மட்டும் இல்லை. குடும்பமாக வந்தால் மூன்றாவது ஆளுக்குப் பாதிக் கட்டணம், சில இடங்களில் கட்டணமே இல்லை, கேட்டால் தருவார்கள்.

ஆசிரியை_கிள்ளான்சாலை

அதோடு, பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட் கணக்கில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு (விளையாட்டு, கழகம் போன்றவை). மாவட்டம், மாநிலம் என்று பிள்ளை போட்டியிட்டால் சான்றிதழை அந்த ஆண்டே பள்ளியில் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பலர் படிவம் 5இல் ஒரு கோப்பு நிறையச் சான்றிதழோடு வந்து நிற்கிறார்கள், அப்போது தாமதம்.

கெப்போங்_வாசி

ரசீது விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி மாஸ்டர். மாணவி தங்கச்சி எழுதியதை என் மனைவிக்கும் காட்டினேன்.

கராத்தேக்குத் திரும்ப எனக்கு மனமில்லை, அதை மறைக்கவில்லை. இளையவன் பள்ளியில் சிலம்பம் போகிறான். ஆசானிடம் நேற்று பேசினேன், பெற்றோரும் சேரலாமா என்று. இதுவரை யாரும் கேட்டதில்லையாம், வெள்ளிக்கிழமை மாலை பெரியவர்களுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குவதாகச் சொன்னார், ஐந்து பேராவது வேண்டுமாம். மூன்று பேர் சேர்ந்துவிட்டோம். கெப்போங், ஜிஞ்சாங் பக்கம் இருப்பவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

பத்துகேவ்ஸ்_அப்பா

கிளினிக்கில் பார்த்தாயிற்று, பாதம் சரியாக இருக்கிறது, மெதுவாகத் தொடங்கலாம் என்றார் டாக்டர். வரும் சனிக்கிழமை மகளோடு போகிறேன். முதல் நாளுக்கு என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்? உடுப்பு வாங்கிவிடட்டுமா?

செந்தூல்_அம்மா

வாங்காதீர்கள் அண்ணா, முதல் மாதம் டி-சட்டையும் தளர்வான டிராக் பேண்ட்டும் போதும். கை, கால் நகங்களை வெட்டிவிடுங்கள், கடிகாரம், மோதிரம், சங்கிலி எதுவும் வேண்டாம், கையில் சாமிக் கயிறு இருந்தால் அதன்மேல் துணிப் பட்டை சுற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் போத்தல், ஒரு சின்னத் துண்டு, அந்த மிட்டாய். டேவான் தரை சிமெண்ட் என்றால் பாதம் ஒரு நிமிடத்தில் கறுத்துவிடும், காருக்கு ஒரு பழைய செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் முன்னாலேயே போய்விட்டால் மாஸ்டரிடம் முட்டி விஷயத்தைச் சொல்ல நேரம் இருக்கும், பிறகு உடுப்பு வாங்கும்போது பெல்ட் எப்படிக் கட்டுவது என்று மகளே காட்டிவிடுவாள்.